கணக்கில் இல்லாத பதில்

"உங்கள் பிள்ளைகளாக இருந்தால் எந்தப் படகில் ஏற்றுவீர்கள்?" என்று, இரண்டு பாய்மரப் படகுகளில் ஒன்றை வாங்கவிருந்த குடும்பத்தின் அம்மா கேட்டதும், "ஒற்றை உடல் படகில்தான்" என்றேன். படகுகள் எவ்வளவு சாய்வைத் தாங்கும் என்று கணக்கிட்டு நான் கையெழுத்திட்டுக் கொடுத்த நிலைத்தன்மை அறிக்கை அப்படி எதையும் சொல்லவில்லை.

இரண்டும் 12 மீட்டர் நீளம். ஒன்று, இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய இரட்டை உடல் படகு (கேட்டமரான்); மற்றது ஒரே உடல் கொண்டது. இரட்டை உடல் படகின் நிமிர்த்தும் விசை 10 பாகைச் சாய்வை ஒட்டி, காற்றுப்பக்கத்து உடல் நீரைவிட்டு எழும் கணத்தில், உச்சத்தைத் தொட்டு அதன்பின் இறங்கிவிடுகிறது. அடியில் கனத்த கீல் (எடையேற்றிய துடுப்புப் போன்ற பகுதி) உள்ள மற்றதற்கோ ஏறத்தாழ 120 பாகை வரை அந்த விசை மிஞ்சியிருக்கிறது. கீல் படகில் காற்று கூடக்கூடச் சாய்வே பாயைச் சுருக்கச் சொல்லும், அதாவது காற்றுப் பிடிக்கும் பரப்பைக் குறைக்கச் சொல்லும். இரட்டை உடல் படகு கடைசிவரை ஏறக்குறைய நேராகவே நிற்பதால், காற்றுமானியைப் பார்த்து, அதுவும் சராசரிக் காற்றுக்கு அல்லாமல் திடீர் வீச்சுக்கு ஏற்பச் சுருக்க வேண்டும். இரவுக் காவலில் களைத்திருக்கும் ஒருவரிடம் இந்த விழிப்பை எதிர்பார்க்கலாமா என்பதை எண்ணியே அப்படிப் பதில் சொன்னேன். அது நியாயம் என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆனால் கவிழ்வது வேறு, மூழ்குவது வேறு. 1989இல் நியூசிலாந்துக்கு அப்பால் கவிழ்ந்த ரோஸ்-நோயல் என்ற மூன்று உடல் படகு, தலைகீழாகவே 119 நாட்கள் மிதந்து, அதிலிருந்த நால்வரையும் உயிரோடு கரை சேர்த்தது. கீலைச் சுமக்கும் படகில் நீர் நிறைந்தால் அந்த எடையே அதைக் கீழே இழுத்துவிடும். ஆனால் 1979இல் ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்மரப் பந்தயத்தில் கீல் படகுகள் சிக்கிய புயலிலோ, புறப்பட்ட 303 படகுகளில் மூழ்கியவை 5. இறந்த பந்தயக்காரர்கள் 15 பேர். ஆட்கள் கைவிட்டுச் சென்ற 24 படகுகளில் பெரும்பாலானவை பின்னர் மிதந்த நிலையிலேயே மீட்கப்பட்டன. இதை எந்தப் பக்கத்துக்குச் சான்றாக வைப்பது? பக்கவாட்டில் மடிந்து உடையும் பேரலைக்கு எந்தப் படகும் விலக்கல்ல. வானிலை பார்த்துப் புறப்படுவதும், படகின் முகப்பை அலைக்கு எதிராகப் பிடித்து வைக்கும் பாராசூட் நங்கூரத்தை நேரத்தோடு இறக்குவதும் உடல்களின் எண்ணிக்கையைவிட முக்கியம் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், கேட்ட கேள்விக்கு நழுவியதாக அவர் நினைத்திருப்பார்.

அவர்கள் இரட்டை உடல் படகையே வாங்கினார்கள். பாய்ச் சுருக்க அட்டவணையை நானே தயாரித்தேன். முதல் சுருக்கத்துக்கான காற்று வேகத்தை, கணக்கு காட்டியதைவிட இரண்டு நாட் (மணிக்கு இரண்டு கடல்மைல்) குறைத்து எழுதினேன். அந்தக் குறைப்புக்கு என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை.