கூட்ஸ் வண்டி போனாலும் நிறுத்தமாட்டார்

இங்கிலீஷ் சார் தவறிய செய்தி மெல்போர்னில் நைட் ஷிஃப்ட் நடுவில் வந்தது. நம் பள்ளிக் குழுவில் மாலை போட்ட படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. பழைய மாணவர் சங்க மலரில் அவரைப் பற்றி ஒருத்தர் எழுத வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். வராந்தா டிக்டேஷனில் அதிகம் பட்டவன் நான்தானே.

புதன்கிழமை கடைசி பீரியட். சார் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு, நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசிப்பார். ஒரே தடவைதான். சோழவந்தான் ஸ்டேஷனைத் தாண்டி கூட்ஸ் வண்டி தடதடத்துப் போகும். குரலை உயர்த்தவும் மாட்டார், நிறுத்தவும் மாட்டார். வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் குழாய் ரேடியோவும் சேர்ந்துகொள்ளும். "கேக்கலை சார்" என்று எவனாவது எழுந்தால், "வண்டிக்காரன்ட்டப் போய்ச் சொல்லு" என்பார். வகுப்புக்குள் வரச் சோம்பல், வெளியே காற்று வாங்குகிறார் என்றுதான் நாமெல்லாம் பேசிக்கொண்டோம்.

ஒன்பதாம் வகுப்பில் இன்ஸ்பெக்‌ஷன் வந்த நாளை நான் சொல்லாவிட்டாலும் நீங்கள் விடமாட்டீர்கள். மாவட்டக் கல்வி அதிகாரி டி.இ.ஓ. பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, சார் என்னைக் கரும்பலகைக்கு அனுப்பிவிட்டு வராந்தாவிலிருந்து ஒரு டெலிபோன் நம்பரை வாசித்தார். "டபுள் ஃபோர்" என்றார். நான் ஒரு டபுள்யூவைப் போட்டுப் பக்கத்தில் நாலு எழுதினேன். வகுப்பு சிரித்தது, டி.இ.ஓ. சிரித்தார். சார் சிரிக்கவில்லை. "காது இருக்கு, எருமை மேல மழை பேஞ்ச கணக்கா நிக்கிறான் பாருங்க சார்" என்று அவரிடமே சொன்னார். இன்றைக்கும் குழுவில் என் பெயர் டபுள்யூதான். அதற்காக அவரை வெகுகாலம் மன்னிக்கவில்லை. இப்போதும் முழுசாக மன்னித்துவிட்டேனா என்றால் தெரியாது.

2009இல் ஆஸ்திரேலியா போக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. மதுரை காளவாசல் பக்கம் ஒரு மாடியில் கோச்சிங். கேட்டு எழுதும் லிசனிங்கில் நாலு பகுதி, 40 கேள்வி, அரைமணி நேரம். ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஓடும் என்று பாடம் எடுத்த பையன் சொன்னதும் வகுப்பே அதிர்ந்துபோனது. முதல் பகுதியில் பெயருக்கு ஸ்பெல்லிங் சொல்வார்கள், நம்பர் சொல்வார்கள், சைபரை ஓ என்பார்கள், டபுள் ஃபோர் என்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

அந்த ஞாயிறே பாலம் தாண்டித் தென்கரைக்குப் போய் சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். ரிட்டயர் ஆகியிருந்தார். அப்படி ஒரு பரீட்சை இருப்பதே அவருக்குத் தெரியாது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி காசு வாங்குறாய்ங்களா?" என்றார்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் திண்ணையில் நான், உள்ளே சார். பின்பக்கம் அச்சடித்திருக்கும் உரையாடலை அவரே இரண்டு குரலில் வாசிப்பார். பெண் குரலுக்குக் கொஞ்சம் இழுப்பார். கூட்ஸ் வண்டி இல்லாத குறைக்கு, சரியாகத் தேதி வரும் இடத்தில் சார் வீட்டு அம்மாவை மிக்ஸி போடச் சொல்வார். "செவ்வாய்க்கிழமைம்பான், உடனே இல்லை வியாழக்கிழமைம்பான். மொதல்ல சொன்னதை நம்பாத." ஒரு கேள்வி விட்டுப்போனால் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த மூன்றையும் கோட்டைவிடுவேன். "போனது போச்சுடா, அடுத்ததுக்கு வா" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்ற இடத்தில் மூன்று எழுதினால் சுழிதான், பரீட்சையிலும் அவரிடத்திலும். சிடியில் ஆஸ்திரேலியக்காரன் பேசுவதை அப்போதுதான் முதலில் கேட்டார். "என்னடா இவன், டுடேயை டுடைங்கறான்?" அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

40க்கு 30 சரியாக இருந்தால் பேண்ட், அதாவது மதிப்பெண், ஏழு. எனக்கு லிசனிங்கில் எட்டு வந்தது. ஸ்வீட் பெட்டியோடு போய்ச் சொன்னேன். "மத்த மூணுல?" என்று ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங்கைக் கேட்டார். சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அப்பப் போயிருவ" என்றார். ஆமாம் சார் என்றேன். வாழ்த்துச் சொன்னார், பணம் கூடக் கொடுத்தார். ஆனாலும் அந்த இரண்டு சொல்லுக்கு நான் வேறு பதில் யோசித்துப் பார்த்திருக்கலாம் என்று இங்கே டிராமில் போகும்போது சில நாள் தோன்றும். வீட்டுக்கடன் நினைவு வந்ததும் போய்விடும்.

கடைசி வருஷங்களில் சாருக்குக் காது கேட்காமல் போய்விட்டது. போன் பண்ணினால் சார் வீட்டு அக்காதான் எடுத்து, நான் சொல்வதை அவர் காதருகே உரக்கச் சொல்வார். ஒரு தடவை போதாது, மூன்று நாலு தடவை. "டபுள்யூ பேசுறேன்னு சொல்லுங்கக்கா" என்றால் மட்டும் உடனே புரிந்துகொண்டு சிரிப்பார்.

சார் பெயரில் பள்ளிக்கு ஹெட்போன் வைத்த மொழி ஆய்வகம் கட்டித்தரலாம் என்று நம் சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. கட்டுங்கள், என் பங்கைப் பொருளாளருக்கு அனுப்பிவிட்டேன். வெளிச் சத்தம் கேட்காத அறையாகக் கட்டப்போவதாக பிளானில் போட்டிருக்கிறீர்கள். சார் இருந்திருந்தால் ரயில்வே லைன் பக்கம் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லியிருப்பார். கமிட்டி அதைக் கொஞ்சம் பரிசீலிக்க வேண்டும்.