நெப்ராஸ்காவும் நம்ம அணிநடையும்

மட்டக்களப்பில் பள்ளிகளின் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் நான் முதலில் பார்ப்பது அணிநடையைத்தான், ஓட்டமெல்லாம் அப்புறம். வெபர் மைதானத்தில் ஒரு அணி திரும்பும்போது கவனித்துப் பாருங்கள், உள்ளே நிற்கிற பிள்ளை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கால் மாற்றும், வெளி ஓரத்துப் பிள்ளை எட்டி எட்டி வைக்கும், இடையில் நிற்பவர்கள் தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் வரிசை பிடிக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

இதையே ஒரு கலையாக்கிய கதை ஒன்று இருக்கிறது. 1891இல் ஜான் பெர்ஷிங் என்ற இளம் குதிரைப்படை அதிகாரி அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு இராணுவப் பாடம் எடுக்கப் போனார். ஏனோதானோ என்று நடந்த மாணவர்களைப் பிடித்து, துப்பாக்கி தூக்குவது முதல் காலடி வரை பழக்கினார். அடுத்த வருடமே ஒமாஹாவில் நடந்த தேசியப் போட்டியில் வென்றுவிட்டார்கள்! அதிலிருந்து பிறந்த குழுதான் பிறகு ‘பெர்ஷிங் ரைபிள்ஸ்’ ஆனது. அவர் விடைபெறும்போது மாணவர்கள் அவருடைய காற்சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கித் துண்டுதுண்டாக வெட்டி, பதக்கம் போல நெஞ்சில் குத்திக்கொண்டார்கள் என்பார்கள். ஒரு வாத்தியார் மேல் அவ்வளவு பாசம். முதலாம் உலகப்போரில் ஐரோப்பாவில் அமெரிக்கப் படையை நடத்தியவரும் அவரேதான்.

இலங்கையிலும் மாணவர் படையணி 1881இலேயே கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கிவிட்டது. நம்ம பள்ளிகளில் அணிநடை பழக்கிய ஆசிரியர்களைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை. பழைய படங்கள் இருந்தால் அனுப்புங்கள், நான் எழுதுகிறேன்.