ரோமானியரின் மீன்சாறும் காசிமேட்டுக் கருவாடும்

இன்று காலை காசிமேட்டில் கருவாடு வாங்கும்போது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் விரும்பி உண்ட ‘காரும்’ என்னும் மீன்சாறு நினைவுக்கு வந்தது. மீன்குடலையும் சிறு மீன்களையும் உப்போடு சேர்த்து வாரக்கணக்கில் வெயிலில் ஊறவிட்டு, குடலிலுள்ள நொதிகளே தசையைக் கரைத்த பின் தெளிந்து வரும் நீரை வடித்தெடுத்து, இறைச்சி, காய்கறி மட்டுமன்றி இனிப்புப் பண்டங்களிலும் கூட அவர்கள் சேர்த்தார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், அந்தச் சாறு கப்பலேறி வந்த சாடிகளின் துண்டுகளும் கிடைத்துள்ளன என்பது எனக்குத் தீராத வியப்பு. கருவாட்டுக் குழம்பின் வாடைக்கு முகம் சுளிக்கும் நண்பர்களிடம் இந்தச் சாடிகளைப் பற்றி நான் ஆசையோடு விரிவாகச் சொல்வேன். அவர்களுள் இருவர் இப்போது நெத்திலிக் கருவாடு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.