அம்மாவின் மறதி: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 4
பெயர் மறந்துபோய் அரை மணி கழித்து ஞாபகம் வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அம்மாவுக்குக் காலையில் பேசிய பேச்சே மாலையில் இல்லை. கேட்டதையே திரும்பக் கேட்கிறார். "வயசானா மூளை செல் செத்துக்கிட்டேதான் இருக்கும், விடு" என்கிறார் சித்தப்பா.

மார்ச் 6
சித்தப்பா சொல்வது பழைய கணக்கு. 1950களில் அப்படித்தான் நம்பினார்கள். எண்ணும் முறை திருந்தியதும் அந்தக் கணக்கு தவறு என்று தெரிந்தது. மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள். நோயில்லாத முதுமையில் பெரும்பாலானவை கடைசிவரை இருக்கும். குறைவது அவற்றின் கிளைகளும், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சினாப்ஸ்களும். அதனால்தான் யோசிக்க நேரமாகிறது.

மார்ச் 11
இன்று முழுக்க ஒரே விஷயம்தான். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதி ஹிப்போகாம்பஸ். அதற்குத் தகவல் போகும் முக்கிய வழி என்டோரைனல் கார்டெக்ஸ். 1996-இல் வந்த ஓர் ஆய்வில், இறந்தவர்களின் மூளையில் அந்த இடத்து நியூரான்களை எண்ணியிருக்கிறார்கள். மறதி நோய் இல்லாதவர்களிடம் 60 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே குறைவே தெரியவில்லை. மிக லேசான அல்சைமர் இருந்தவர்களிடமோ, அதன் இரண்டாம் அடுக்கில் சுமார் 60 சதவீதம் போய்விட்டிருந்தது. வெளியே 'லேசு' என்று சொல்லும்போதே உள்ளே இவ்வளவு! அம்மாவுக்குப் பள்ளித் தோழிகளின் பெயரெல்லாம் வரிசையாக வருகிறது, காலைப் பேச்சு மட்டும் ஒட்டவில்லை என்பது இப்போது புரிகிறது. புதியது பதிய வேண்டிய வழியில்தான் முதல் அடி.

அல்சைமரில் செல்லுக்குள் டௌ என்ற புரதம் முறுக்கிக்கொள்கிறது, வெளியே அமிலாய்டு என்ற இன்னொரு புரதம் படிகிறது. இந்த முறுக்கு, படிவு இரண்டையும் நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906-லேயே விவரித்துவிட்டார்.

மார்ச் 19
நரம்பியல் மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனைதான் எழுதினார்: வைட்டமின் பி12, தைராய்டு. தூக்க மாத்திரை உண்டா, மனச்சோர்வு உண்டா என்றும் கேட்டார். இவற்றால் வரும் மறதி பெரும்பாலும் சிகிச்சையில் தேறும். 'வயசு' என்று விட்டிருந்தால் இதைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

மார்ச் 27
ரத்தத்தில் குறையில்லை. எம்.ஆர்.ஐ.யில் ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறது. அல்சைமரின் ஆரம்பமாக இருக்கலாம், அமிலாய்டு சோதனை செய்தால்தான் உறுதி என்றார் மருத்துவர். லெக்கானெமாப் பற்றிக் கேட்டேன். 18 மாத ஆய்வில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்த மருந்து. போன செல்லைக் கொண்டுவராது, மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரும் அபாயமும் உண்டு. அண்ணன் உடனே ஆரம்பிக்கலாம் என்கிறான். முதலில் சோதனை வரட்டும். அப்புறம் அம்மாவையே கேட்போம் என்று சொல்லியிருக்கிறேன். முடிவெடுக்கும் தெளிவு இன்னும் அவரிடம் இருக்கிறது.