ஐகாரத்துக்கு இனம் இகரம்

"தமிழை இதுல கொண்டுவராதே. உட்காரு."

நான் சொன்னது இவ்வளவுதான். திட்டவில்லை, குரலை உயர்த்தியதாகவும் நினைவில்லை. அந்த மாணவனும் முகம் வாடாமல் உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் ஆறாம் வகுப்புக்கு அந்த ஆங்கிலப் பாடம் வரும் வாரத்தில் ஒவ்வொரு வருடமும் அந்த இரண்டு நிமிடம் திரும்ப வந்துவிடுகிறது.

கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதியிருந்தேன். இடப்பக்கம் பிட் (bit), கிட் (kit), பின் (pin). வலப்பக்கம் அதே சொற்களின் கடைசியில் ஓர் 'ஈ' (e) சேர்த்து பைட் (bite), கைட் (kite), பைன் (pine). "கடைசியில ஈ வந்தா அது வாயைத் திறக்காது. ஆனா நடுவுல இருக்கிற உயிரெழுத்தை நெடிலாக்கிடும்" என்றேன். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று எழுத்து தன் பெயரையே ஒலித்தால் நெடில், இல்லாவிட்டால் குறில்.

அவன் எழுந்தான். "டீச்சர், இ-க்கு நெடில் ஈ தானே? அப்ப பீட்டுன்னுதானே வரணும்?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான்ப்பா. இது வேற."

அதோடு விட்டிருப்பான் என்று நினைத்தேன். பலகையையே பார்த்துக்கொண்டு நின்றவன், "ஐக்கு இனம் இ-ன்னு தமிழ் ஐயா சொன்னாரு. அதனாலயா டீச்சர்?" என்றான். அதற்குத்தான் மேலே எழுதிய பதில்.

குறில், நெடில் என்ற சொற்களைத் தமிழிலிருந்து எடுத்து வந்து பலகையில் எழுதியது நான். அந்தச் சொற்களுக்குத் தமிழில் என்ன பொருளோ அதை வைத்து அவன் யோசித்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கல்லை நீட்டினால் கால், படியை நீட்டினால் பாடி. ஒலி மாறாது, நேரம்தான் கூடும். நான் காட்டியதோ நேரம் கூடாமல் ஒலியே வேறாகிப் போன சொற்கள். அவனுக்கு உறுத்தியது நியாயம். அந்த உறுத்தலுக்கு அவனே ஒரு வழியும் தேடினான். தமிழில் ஐ நெடில்தான், ஆனால் அதற்கு நேரான குறில் கிடையாது. அதனால் இகரத்தை அதற்கு இனமாகச் சொல்கிறோம். ஔகாரத்துக்கு உகரம். அந்த வாரம் படித்ததைப் பன்னிரண்டு வயது கூட நிறையாத பையன் இன்னொரு மொழியில் வைத்துப் பார்த்தான்.

அன்று எனக்குத் தெரியாத ஒன்றைப் பிறகு படித்தேன். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்திலும் நெடில் என்றால் நெடில்தான். 'நேம்' என்று இன்று சொல்லும் பெயரை அப்போது 'நாமெ' என்பதுபோலச் சொன்னார்கள். கடைசி ஈயும் அன்று வாயைத் திறந்தது. 'டைம்' டீமெ, 'ஹவுஸ்' ஹூஸ், 'மூன்' மோன். பைட் என்ற சொல்லில் இருந்தது ஈகாரமேதான். ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நெடில்கள் எல்லாம் வாய்க்குள் இடம் மாறின. குறில்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த மாற்றம் முடிவதற்குள், 1476இல், வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்துவிட்டார். அச்சில் ஏறிய எழுத்து மெல்ல உறைந்துபோக, ஒலி மட்டும் நடந்துகொண்டே இருந்தது. "பீட்டுன்னுதானே வரணும்" என்று அவன் கேட்டானே, ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது.

அதைவிட என்னைத் தொந்தரவு செய்வது இன்னொன்று. சைல்ட், சில்ட்ரன். ரைட், ரிட்டன். ஹைட், ஹிட்டன். வைஸ், விஸ்டம். இவற்றை வருடக்கணக்காக மனப்பாடம் செய்யவைத்தவள் நான். ஒவ்வொன்றிலும் ஐயும் இயும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக நிற்கின்றன. எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஐக்கு இனம் இ.

சரி, அவன் சொன்னது சரியா? முழுக்கச் சரியில்லை. தமிழில் அந்த உறவுக்குக் காரணம் வேறு. 'அகர இகரம் ஐகாரம் ஆகும்' என்கிறது தொல்காப்பியம். ஐயின் முடிவில் இகரம் ஒலிக்கிறது, அதனால் இனம். ஆங்கிலத்தில் நீண்டிருந்த ஈ ஒலி பல தலைமுறைகளில் நகர்ந்து ஐயாகியிருக்கிறது. மேலும் அவன் வழி அடுத்த வரிசையிலேயே நின்றுபோகும். பெட் (pet) என்பதில் ஈ சேர்த்தால் பேட் வராது, பீட் (Pete) வருகிறது. கட், க்யூட் ஆகிறது. தலையில் வைக்கும் கேப்புக்கும் தோளில் போர்த்தும் கேப்புக்கும் தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான். ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொண்டு வருடம் முழுவதும் அதையே படிக்கிற வகுப்பில், தமிழைத் தள்ளி வைக்கச் சொன்னது தவறு என்று இன்றும் என்னால் முழு மனதாகச் சொல்ல முடியவில்லை. அன்று நாற்பது பேர் இருந்தார்கள். அவனைத் தொடரவிட்டிருந்தால் பாதிப் பேர் குழம்பியிருப்பார்கள்.

ஆனால் அவன் எதையும் அடித்துச் சொல்லவில்லையே. "அதனாலயா?" என்று கேட்டான். "அதனால இல்லப்பா, ஆனா சில்ட்ரன்னு ஒரு வார்த்தை இருக்கு, பாரு" என்றிருக்கலாம். ஒரு நிமிடம் போயிருக்கும். சில்ட்ரன் எனக்குத் தெரியாத சொல்லா? தெரிந்ததை அந்த இடத்தில் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. பதில் தெரியாததால் அவனை உட்காரச் சொன்னேனா, பாடம் முடியவேண்டும் என்று சொன்னேனா என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் ஒன்று உண்மையாகத் தோன்றுகிறது, அடுத்த நாள் மற்றது.

அந்த வருடம் முழுவதும் அவன் நல்ல பிள்ளையாகவே இருந்தான். வீட்டுப்பாடம் தவறியதில்லை. தேர்வில் பைட், கைட், பைன் மூன்றும் சரியாக எழுதினான். என் வகுப்பில் பிறகு அவன் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதற்கு முன்னால் நிறையக் கேட்டானா என்று யோசித்துப் பார்த்தால், அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

இந்த ஜூலையில் அதே வரிசையை எழுதிவிட்டு, பக்கத்தில் சைல்ட், சில்ட்ரன் இரண்டையும் எழுதினேன். "தமிழ்ல இன எழுத்து படிச்சீங்கல்ல? இதுல ஏதாவது தெரியுதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். யாரும் எழவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து நானே சொன்னேன். எல்லோரும் நோட்டைத் திறந்து, ஐக்கு இனம் இ என்று எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டார்கள்.