பத்து சதவீதம்

மூணாறு டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் 2015 செப்டம்பர்தான் ஞாபகம் வரும். இதே ரோட்டில்தான் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர். அதில் என் அம்மாவும் ஒருத்தி.

அன்றைக்கு நாள் சம்பளம் 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒற்றை அறை, மழை பெய்தால் அட்டைக்கடி. இதெல்லாம் வருஷக்கணக்காக இருந்ததுதான். அப்போதெல்லாம் வராத கோபம் கம்பெனி 20 சதவீத போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததும் எப்படி வந்தது? அம்மாவிடமே கேட்டேன். "இல்லாததைக் கேக்கலடா, குடுத்துக்கிட்டு இருந்ததைப் புடுங்குனாங்கல்ல" என்றார், கறை போகாத விரலால் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

வறுமை மட்டும் யாரையும் தெருவுக்குக் கொண்டுவராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காலையில் ஒரே மலையில் கொழுந்து எடுத்து, சாயங்காலம் ஒரே குழாயடியில் குடம் வைப்பவர்களுக்கு நோட்டீஸ் எதற்கு? ஒரு லயம் கிளம்பினால் அடுத்த லயம் வீட்டில் இருக்க முடியாது, மானப் பிரச்சினை! (எங்கள் அப்பா அந்த ஒன்பது நாளும் சோறாக்கினார். சோறு குழைந்துதான் இருந்தது.)

தொழிற்சங்கத் தலைவர்களை அந்தப் பெண்கள் கிட்டவே விடவில்லை. கடைசியில் பழைய 20 சதவீதமே கிடைத்தது. கேட்ட 500 ரூபாய்ச் சம்பளம் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் 301 ஆனது, அவ்வளவுதான்.

அன்றைக்குக் கட்டியிருந்த சேலையை அம்மா இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார்.