பாக்கி 11 லட்சம், கையில் பதினொன்றரை லட்சம்

வீட்டுக்கடனில் பாக்கி 11 லட்சம். முதிர்ந்த எஃப்.டி.யும் சேமிப்புக் கணக்கும் சேர்த்துக் கையில் பதினொன்றரை லட்சம். மொத்தமாகக் கட்டித் தொலைத்துவிடலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் தொடங்கிப் பொங்கல் வரை ஓடியது. கடலூர் சிப்காட்டில் வேலை எனக்கு. தொழிற்சாலையில் விசாரித்தால் பாதிப் பேர் 'கட்டு' என்றார்கள், மீதிப் பேர் 'மியூச்சுவல் ஃபண்டில் போடு' என்றார்கள். இரண்டாவது கூட்டத்தில் யாருக்கும் வீட்டுக்கடன் இல்லை என்பதையும் கவனித்தேன்.

பணத்தைத் தொடும் முன் வட்டியைக் குறைக்கப் பார்த்தேன். 2016-இல் வாங்கிய கடன், வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் பழைய எம்.சி.எல்.ஆர். கணக்கில் 8.9 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, 6.5-இலிருந்து 5.25-க்கு இறக்கியிருந்தது. அந்த இறக்கம் பழைய கடன்காரர்களிடம் தானாக முழுசாக வந்து சேர்வதில்லை. ரெப்போ சார்ந்த வட்டிக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்து, ஒரு சிறு கட்டணமும் கட்டிய பிறகு 8.1 ஆனது. மீதி 96 மாதம், இ.எம்.ஐ. சுமார் 15,600.

இப்போது கணக்கு. இப்படியே ஓடினால் மிச்சமிருக்கும் காலத்துக்கு வட்டி மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம். இ.எம்.ஐ.யைக் குறைக்காமல் 6 லட்சத்தை இப்போதே கட்டினால் கடன் மூன்றே வருடத்தில் முடியும், வட்டி 65 ஆயிரம் சொச்சம்தான். 3.3 லட்சம் மிச்சம் என்று கால்குலேட்டர் காட்டியதும் என் மனைவிக்குக் கண் விரிந்தது. ஆனால் அந்த 6 லட்சம் எஃப்.டி.யில் இருந்தாலும் சும்மாவா இருக்கும்? அதற்கும் 6.5 சதவீதம் வருகிறதே. அப்படிப் பார்த்தால் உண்மையான லாபம் 8.1-க்கும் 6.5-க்கும் உள்ள இடைவெளிதான். 6 லட்சத்துக்கு முதல் வருடம் சுமார் 9,600 ரூபாய்.

வரியையும் பார்க்க வேண்டும். நான் புதிய வரி முறையில் இருக்கிறேன். நாமே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு அதில் கழிவு கிடையாது. என் வருமானம் 12 லட்சத்துக்குள் என்பதால் எஃப்.டி. வட்டிக்கும் வரி விழவில்லை. 20 சதவீத வரி கட்டுபவருக்கு அதே 6.5 ஏறக்குறைய 5.2-ஆகச் சுருங்கிவிடும். அவர் கடனை அடைப்பதில் இன்னும் அதிக அர்த்தம் இருக்கிறது. பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு எடுப்பவர் வேறு கணக்குப் போட வேண்டும்.

பி.எஃப். பக்கம் போகவே இல்லை. 2024-25-க்கு அதன் வட்டி 8.25 சதவீதம். 8.1 சதவீதக் கடனை அடைக்க அதை எடுப்பது எனக்கு விளங்கவில்லை, கூட வேலை செய்யும் ஒருவர் அதைத்தான் பெருமையாகச் செய்தார்.

முழுசாகக் கட்டுவதா, பாதியா என்பதில்தான் இழுபறி. அம்மாவுக்குக் கடன் என்றாலே ஆகாது, ஆனால் "கட்டிடு" என்று அவரும் சொல்லவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் இருந்த எங்கள் முந்திரித் தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. வீட்டுக்கு ஓடு மாற்ற அம்மாவின் சங்கிலிதான் அடகுக்குப் போனது. "சுவத்துல போட்ட காச மழைக்காலத்துல உருவ முடியுமாடா?" என்றார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை மீறியபோது எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர். பைக், ஃபிரிட்ஜ், கட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் அந்த வாரமே ரொக்கம் தேவைப்பட்டது. 'அவசரம்னா டாப்-அப் லோன் எடுத்துக்கலாமே சார்' என்றார் வங்கியில், அதே வீட்டுக்கடன் மேல் கூடுதலாகத் தரும் கடனைச் சொல்லி. அவசரத்தில் யார் ஒரு மாதம் காத்திருப்பது?

அப்புறம் ஒரு கணக்குப் போட்டேன். கடனில் 5 லட்சத்தை அடைக்காமல் அந்தப் பணத்தை எஃப்.டி.யில் வைத்திருந்தால் வருடத்துக்கு எனக்கு ஆகும் நஷ்டம் 8,000 ரூபாய். மாதம் 670 கூட இல்லை. ஒப்பந்த வேலை, இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போகும் மகள், வருடா வருடம் வரும் புயல் சீசன். இத்தனைக்கும் அந்த விலை கொடுக்கலாம் என்று தோன்றியது. 6 லட்சம் கட்டுவது, ஐந்தரை லட்சம் கையில். மனைவியும் சரி என்றாள், அவள் நகை லாக்கரிலேயே இருக்கும் என்ற ஒப்பந்தத்தோடு.

கட்டும்போது அபராதம் எதுவும் இல்லை. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் 'இ.எம்.ஐ. அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தும் கிளையில் இ.எம்.ஐ.யை 7,100-ஆகக் குறைத்து, 96 மாதத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அப்படி ஓடினால் வட்டி 1.8 லட்சம் போகும். முத்திரை போட்ட கடித நகல் கையில் இருந்ததால் வாக்குவாதம் நீளவில்லை. திருத்திய தவணை அட்டவணையை அங்கேயே அச்செடுத்து வாங்கிய பிறகுதான் எழுந்தேன்.

முழுசாக அடைப்பவர்களுக்கு, நெல்லிக்குப்பத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் அனுபவத்திலிருந்து ஒன்று. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாமாவுக்குப் பத்திரம் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் எம்.ஓ.டி.யை, அதாவது பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவு ஆவணத்தை, ரத்து செய்யும் ரசீது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகாமல் கிடந்தது. வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தபோதுதான் அடமானம் இன்னும் நிற்பது தெரிந்தது. வங்கி அதிகாரியைக் கையோடு கூட்டிப்போய்ப் பதிவு செய்து, மறுபடி வில்லங்கம் போட்டுப் பார்த்தார்.

எங்களுக்கு அந்த வேலை வர இன்னும் மூன்று வருடம். நடுவில் மனைவியின் சீட்டு முடிகிறது. அதையும் கடனில் போடலாமா என்று இப்போதே கேட்கிறாள். கல்லூரிக் கட்டணம் தெரிந்த பிறகு பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.